53-இல் ஒரு பேண்ட் தெரிந்தால் போதாது: எல்மேன்1 ஆன்டிபாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்டிபாடியைக் கொண்டு ஒரு புரதத்தை மட்டும் பிடித்தெடுக்கும் ஐ.பி. (இம்யூனோபிரசிபிடேஷன்) செய்து, புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டி, படம் எடுத்துப் பார்த்தேன். 50 கிலோடால்டனுக்குச் சற்று மேலே கன்னங்கரேலென்று ஒரு பேண்ட், அதாவது ஒரு பட்டை. நான் தேடியது எல்மேன்1 என்ற புரதம். அதன் எடை 53 கிலோடால்டன். கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் அதே முறையில் ஒவ்வொரு மாதிரியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்த அக்கா ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "லைசேட்டே ஊத்தாம, வெறும் பீட்ஸும் ஆன்டிபாடியும் மட்டும் வச்சு ஒரு லேன் ஓட்டிப் பாத்தியா?" லைசேட் என்பது செல்களை உடைத்து எடுத்த கரைசல்; பீட்ஸ், ஆன்டிபாடியைத் தாங்கும் நுண்மணிகள்; லேன், ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் தடம். ஓட்டினேன். அந்த லேனிலும் அதே உயரத்தில் அதே பேண்ட்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆன்டிபாடியைத்தான். ஐ.பி.க்குப் போட்டது எலியின் மோனோகுளோனல் (ஒரே செல் வழியில் வந்த, ஒரே மாதிரியான) ஆன்டிபாடி; பிளாட்டில் தேடவும் எலி ஆன்டிபாடியே; அதன்மேல் போட்ட செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைக் காட்டித்தரும் இரண்டாம் ஆன்டிபாடி, எலியின் ஆன்டிபாடி எதைக் கண்டாலும் பற்றிக்கொள்ளும். பீட்ஸிலிருந்து கழன்று வந்த ஆன்டிபாடியின் பெரிய துண்டான ஹெவி செயின் சுமார் 50 கிலோடால்டன், சிறிய துண்டான லைட் செயின் 25. 53-ஐத் தேடுகிறவருக்கு 50-இல் வந்து உட்காரும் ஹெவி செயினைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. வழிகள் உண்டு. ஐ.பி.க்கு எலி ஆன்டிபாடி என்றால் பிளாட்டுக்கு முயல் ஆன்டிபாடியை எடுங்கள். அது முடியாவிட்டால், லைட் செயினை மட்டும் பற்றுகிற செகண்டரி போடலாம், அல்லது ஆன்டிபாடியை பீட்ஸோடு வேதிமுறையில் பிணைத்துவிடலாம். எந்த வழியில் போனாலும் லைசேட் இல்லாத அந்த லேன் ஜெல்லில் இருந்தே ஆக வேண்டும்.

எல்மேன்1 செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் புரதம். எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தில், சுருக்கமாக ஈ.ஆரில், உருவாகும் சில புரதங்களைப் பிடித்து, புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கைக்குப் போகும் வழியில் உள்ள இடைநிலையத்தில் இறக்கிவிட்டு, மறுபடி ஈ.ஆருக்குத் திரும்பும். அந்த இடைநிலையத்தின் பெயர் எர்ஜிக். 1988-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஹான்ஸ்-பீட்டர் ஹௌரியின் குழு, காக்கோ-2 என்ற மனிதக் குடல் புற்றுசெல்களின் சவ்வை எலிக்குச் செலுத்தி மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை உருவாக்கியது. அவற்றில் ஜி1/93 என்ற ஒன்றுதான் இந்தப் புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. புரதத்தைத் தெரிந்துகொண்டு ஆன்டிபாடி செய்யவில்லை. ஆன்டிபாடியைப் பிடித்துக்கொண்டு புரதத்துக்குப் போனார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

அப்படி வந்ததால் பெயரும் பலவாகிவிட்டது. எர்ஜிக்-53, எம்.ஆர்.60, எல்மேன்1 மூன்றும் ஒரே மனிதப் புரதம். பெரிய எலியில் அதன் இணைக்குப் பி58 என்று பெயர். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாது. அதோடு, மனிதப் புரதத்துக்குச் செய்த மோனோகுளோனல் எலிச் செல்லிலும் வேலை செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். மோனோகுளோனல் பற்றுவது எபிடோப் என்கிற ஒரு சிறு இடத்தை மட்டும்தான். அந்த இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே பிடி நழுவலாம்.

அடுத்து, பழைய டி.டி.டி. (டைசல்ஃபைடு பிணைப்புகளை அவிழ்க்கும் வேதிப்பொருள்). எல்மேன்1 தனியாக இருப்பதில்லை. டைசல்ஃபைடு பிணைப்புகளால் இரண்டாகவும் ஆறாகவும் கோத்துக்கொண்டு நிற்கும். சாம்பிள் பஃபரில் டி.டி.டி.யோ மெர்காப்டோஎத்தனாலோ புதிதாகச் சேர்க்காவிட்டால் 53-இல் பேண்ட் மங்கி, ஜெல்லின் உச்சியில் கனமாக ஏதோ தெரியும். அதைக் குப்பை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது குப்பையில்லை, உங்கள் புரதமேதான். சவ்வுப் புரதம் என்றாலே கொதிக்க வைக்கக் கூடாது என்று சொல்வதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சவ்வைப் பதின்மூன்று முறை துளைத்துச் செல்லும் என்.பி.சி.1 போன்றவை 95 டிகிரியில் கட்டி தட்டிவிடலாம். எல்மேன்1 சவ்வை ஒரே ஒரு முறைதான் துளைக்கிறது. கொதிக்க வைத்தாலும் பெரிய தொந்தரவு தராது.

ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடியால் செல்லுக்குள் புரதத்தின் இடத்தைப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸில் நடக்கும் தவறு வேறு மாதிரி. இந்தப் புரதத்தின் 510 அமினோ அமிலங்களில் சைட்டோபிளாச பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது வெறும் 12. மற்றதில் பெரும்பகுதி ஈ.ஆர்., எர்ஜிக் ஆகியவற்றின் உட்புறத்தில் இருக்கிறது. எபிடோப் உட்புறத்தில் இருந்தால் உள்சவ்வையும் திறந்தாக வேண்டும். குறைந்த செறிவில் டிஜிடோனின் செல்லின் வெளிச்சவ்வை மட்டும் திறக்கும், ஈ.ஆர். மூடியே கிடக்கும். ஸ்லைடு இருட்டாக இருப்பதைப் பார்த்து ஆன்டிபாடியைக் குறை சொல்வோம். ட்ரைட்டனோ சபோனினோ எடுங்கள். சபோனின் என்றால் ஆன்டிபாடி கரைசலிலும், ஒவ்வொரு கழுவலிலும் அது இருக்க வேண்டும். நிறுத்தினால் சவ்வு மறுபடி மூடிக்கொள்ளும்.

புள்ளிபுள்ளியாகத் தெரிந்தவுடன் கோல்கை என்று எழுதிவிடுவதும் அவசரம்தான். பிரெஃபெல்டின்-ஏ என்ற வேதிப்பொருளைக் கொடுத்துப் பாருங்கள். கோல்கையின் நொதிகள் கலைந்து ஈ.ஆருக்குப் போய்விடும், எல்மேன்1 சிதறிய புள்ளிகளாகவே நிற்கும். நீங்கள் பார்ப்பது சரியான இடம்தானா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆன்டிபாடியைச் சோதிக்க டேக் (அடையாளத்துக்கு ஒட்டும் துண்டு) போட்ட புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் பழக்கம் இங்கே காலை வாரும். எல்மேன்1-இன் வால் நுனியில் இரண்டு லைசின், இரண்டு ஃபினைல்அலனைன் என நான்கு அமினோ அமிலங்கள். போவதற்கும் திரும்புவதற்குமான விலாசம் அந்த நான்கு எழுத்துதான். அதன்மேல் ஜி.எஃப்.பி. என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டினால் விலாசம் மறைந்துவிடும். வாலைத் தொடாமல் விட்டாலும், அளவு மீறினால் திருப்பியனுப்பும் ஏற்பாடு திணறி, புரதம் செல்லின் மேற்பரப்புக்குக் கசியும். டேக் வேண்டுமென்றால் முன்பக்கத்தில், புரதத்தை ஈ.ஆருக்குள் சேர்க்கும் சிக்னல் வரிசைக்கு அடுத்து வையுங்கள்.

டேக்கைவிட நம்பகமான சோதனை மரபணுவை நீக்கிய செல். எல்மேன்1 இல்லாமலும் செல் வாழும்; ஆகவே மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையில் செய்து வைத்துக்கொள்வது முடியாத காரியமில்லை. அங்கே பேண்ட் மறைய வேண்டும். மறையாவிட்டால் டேட்டா ஷீட்டில் எத்தனை அழகான படம் இருந்தாலும் அந்த ஆன்டிபாடியை நம்ப முடியாது. மோனோகுளோனல்தானே, ஒன்றைத் தவிர வேறெதையும் பற்றாது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்கும் 185 ஹைப்ரிடோமா செல்வழிகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் கூடுதலாக வேறொரு ஆன்டிபாடி செயினும் உருவாகிக்கொண்டிருந்தது. வாங்கும்போது குளோன் எண்ணைக் குறித்துவைக்கிறோம். லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எல்மேன்1 ஏற்றிச் செல்லும் சரக்கில் ரத்தம் உறைய வேண்டிய 5-ஆம், 8-ஆம் காரணிகளும் அடக்கம். 1998-இல், இந்த இரண்டும் சேர்ந்து குறைகிற பரம்பரை நோய்க்கு எல்மேன்1 மரபணுவின் பழுதே காரணம் என்று தெரிந்தது. 2003-இல் எம்.சி.எஃப்.டி.2 என்ற துணைப் புரதத்தின் பழுதும் அதே நோயைத் தரும் என்று கண்டார்கள். எல்மேன்1-உம் எம்.சி.எஃப்.டி.2-வும் கால்சியம் இருந்தால்தான் சேர்ந்திருக்கும். புரதம் சிதையாமல் இருக்க லைசேட்டில் போடும் புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரையைக் கைப்பழக்கத்தில் எடுத்துப் போடும்போது, அதில் ஈ.டி.டி.ஏ. இருந்தால் கால்சியம் பறிபோய் இணை பிரிந்துவிடும். அப்புறம் "இவை இரண்டும் சேர்வதில்லை" என்று முடிவு எழுதுவோம். ஈ.டி.டி.ஏ. இல்லாத மாத்திரையை எடுத்து, பஃபரில் கால்சியம் குளோரைடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த செல்லில் எல்மேன்1 பேண்ட் சரியாக இருக்கிறது, ஆகவே இந்த நோய் இல்லை என்று சொல்வது எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பங்கேற்று 2007-இல் வெளியான ஆய்வு, இந்திய நோயாளிகளிடம் எம்.சி.எஃப்.டி.2 மாற்றங்களே அதிகம் என்று காட்டியது. அவர்களுக்கு எல்மேன்1 பேண்ட் எந்தக் குறையும் இல்லாமல் வரும். எனவே எம்.சி.எஃப்.டி.2-வையும் தேடுங்கள். அது 16 கிலோடால்டன்தான். 53-ஐ நன்றாகப் பிரிக்க நீங்கள் ஓட்டும் 8 சதவீத ஜெல்லில் அது சாயத்தோடு சேர்ந்து வெளியே ஓடியிருக்கும். 15 சதவீத ஜெல் ஒன்றைத் தனியாக ஊற்றுங்கள்.