காசு கொடுத்து வாங்கியது உங்களுடையதுதானா: சோதிக்கும் முறையும் காக்கும் முறையும்

2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் ஒரு பதிப்பை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. விற்றவரிடம் அந்த நூலுக்கான உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் எல்லாம் ஜூலையோடு திறக்காமல் போயின. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. அதன் பிறகு வட்டைக் கையில் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியவில்லை.

வட்டு என்றால் சொந்தம், டவுன்லோடு என்றால் வாடகை என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்கு அந்தக் கடைசி உதாரணமே போதும். யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தப் பிரதி ஓடுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

முதலில் கோப்பைத் தரவிறக்குங்கள். கடையின் ஆப்பிலிருந்து லாக்அவுட் செய்யுங்கள், இணையத்தைத் துண்டியுங்கள், கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். லாக்அவுட் செய்யாமல் இணையத்தை மட்டும் துண்டித்துச் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பல ஆப்கள் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கருவிக்குள் சில நாட்களுக்குச் சேமித்து வைத்துக்கொள்ளும். அது காலாவதியாகும்வரை எல்லாம் சரியாக ஓடுவதுபோலத்தான் தெரியும். அடுத்து, அதே கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அந்தக் கணக்கே இல்லாத வேறொரு கணினியில், விஎல்சி போன்ற பொதுவான பிளேயரில் திறந்து பாருங்கள். இரண்டிலும் திறந்தால் அது உங்கள் கையில் இருக்கிறது. கோப்பையே கண்டுபிடிக்க முடியவில்லை, ஆப்புக்குள் மட்டும்தான் தெரிகிறது என்றால் டி.ஆர்.எம் எனப்படும் பூட்டு அதில் இருக்கிறது, சாவி கடைக்காரரிடம்.

இசையில்தான் நிலைமை நன்றாக இருக்கிறது. 2009இல் ஐடியூன்ஸ் தன் பாட்டுக் கடையில் பூட்டை எடுத்தது. பேண்ட்கேம்ப் போன்ற கடைகள், ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வடிவத்திலேயே தருகின்றன. மாதச் சந்தா சேவைகளில் ஆஃப்லைனுக்காக இறக்கிவைக்கும் பாட்டு இதில் சேராது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். பாட்டை வாங்கினால் அன்றைக்கே இறக்கி, ஒவ்வொரு கோப்பையும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். கடைக்காரருக்கும் இசை நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் முறிந்தால் ஆல்பம் பட்டியலிலிருந்து போய்விடும், பிறகு இறக்க முடியும் என்று நம்பி இருக்கக் கூடாது.

மின்னூலில் வாங்குவதற்கு முன்பே விற்பனைப் பக்கத்தில் டி.ஆர்.எம் இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். டோர் பதிப்பகம் 2012 முதல் பூட்டில்லாமல் விற்கிறது. சில பதிப்பகங்கள் ஈபப் எனப்படும் மின்னூல் கோப்புக்குள் வாங்கியவரின் பெயரை அடையாளமாகப் பொறித்துத் தருவார்கள். அதில் தவறில்லை, எந்தக் கருவியிலும் திறக்கும். கிண்டில் நூல்களைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26இல் அமேசான் நிறுத்திவிட்டது. இருக்கும் வழியும் ஒருநாள் அடைபடும் என்று வைத்துக்கொண்டே செயல்படுங்கள்.

விளையாட்டில் பெட்டியைப் பார்த்து ஏமாறுவது அதிகம். சில பெட்டிகளில் வட்டே இருக்காது, ஒரு காகிதத்தில் தரவிறக்கக் குறியீட்டு எண் மட்டும் இருக்கும். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2இன் 'கேம் கீ கார்டு' வகையில் அட்டை இருக்கும், ஆனால் விளையாட்டு அதற்குள் இருக்காது. முதல்முறை இணையத்திலிருந்து இறக்கியாக வேண்டும். இந்த வகை என்றால் பெட்டியின் முகப்பிலேயே குறிப்பு இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். வட்டு இருந்தாலும் சோதனை தேவை: சேமித்த ஆட்டத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, கருவியில் நிறுவியதை அழித்து, இணையத்தைத் துண்டித்து, வட்டிலிருந்து மட்டும் நிறுவிப் பாருங்கள். தொடக்கத் திரையைத் தாண்டி ஒரு கட்டமாவது ஆடிப் பாருங்கள். கணினி விளையாட்டுக்கு ஜிஓஜி கடையின் ஆஃப்லைன் நிறுவல் கோப்புகள் நல்லவை. பெரிய விளையாட்டுகள் பல துண்டுகளாக வரும். ஒரே ஒரு துண்டு விட்டுப்போனாலும் நிறுவல் பாதியில் நிற்கும், அதனால் அத்தனையையும் ஒரே கோப்புறையில் வைத்து ஒருமுறை நிறுவிப் பார்த்த பிறகே சேமியுங்கள்.

திரைப்படத்துக்குத்தான் வழி மிகக் குறைவு. பெரிய இணையக் கடைகளில் முழு விலை கொடுத்தாலும் பூட்டோடுதான் வரும். டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களின் தொகுப்பிலிருந்தே அவற்றை நீக்கப்போவதாக 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் அறிவித்தது. பிறகு ஒப்பந்தம் நீண்டதால் முடிவு மாறியது. வாடிக்கையாளருக்கு அதில் எந்தப் பிடியும் இருக்கவில்லை. ஒருமுறை பார்க்கப் போகும் படத்தை வாடகைக்கு எடுங்கள், திரும்பத் திரும்பப் பார்க்கும் படத்தை வட்டாக வாங்குங்கள். பூட்டிய பிரதிக்கு முழு விலை கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான பேரம். தரத்திலும் வட்டு முந்தும். 4கே ப்ளூரே வட்டில் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் தகவல் போகும். இணையவழி 4கே படம் பெரும்பாலும் 15 முதல் 25க்குள் அடங்கிவிடும். வெளிநாட்டு வட்டு என்றால், எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைப் பாருங்கள். டிவிடியில் எண், ப்ளூரேயில் ஏ, பி, சி. 4கே வட்டுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் கூட வரும் சாதாரண ப்ளூரேக்கு இருக்கலாம்.

பழைய வட்டு வாங்கும்போது ஒரு பிரகாசமான விளக்கின் கீழே சாய்த்துப் பிடியுங்கள். அடிப்பக்கத்தில் மெல்லிய கீறல் இருந்தால் சிடியும் டிவிடியும் பெரும்பாலும் தாங்கும். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறலைவிட, வட்டைச் சுற்றி வளைவாக ஓடும் கீறல் ஆபத்தானது. அது ஒரே தடத்தில் நீளமாகத் தகவலை மறைப்பதால், விட்டுப்போன தகவலை ஈடுசெய்யும் பிளேயரின் பிழைதிருத்தம் ஈடுகொடுக்காது. சிடியை மட்டும் விளக்குக்கு நேராகப் பிடித்து ஊசித்துளை போல வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். சிடியில் தகவல் படலம் மேல்பக்க அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே விழும் கீறலுக்கு மருந்தில்லை. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. ஒட்டுப் பசை கெட்டால் பால் கலங்கியது போலவோ பழுப்பாகவோ திட்டுகள் தெரியும். 2006 முதல் 2008 வரை வந்த வார்னர் பிரதர்ஸ் டிவிடிகள் பலவற்றில் இந்தக் கோளாறு உண்டு. ப்ளூரேயின் தகவல் வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, மேலே கடினமான பூச்சு. அதைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் பூச்சுதான் போகும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடு முளையை அழுத்தி எடுங்கள். வட்டை வளைத்துப் பிடுங்கினால் நடுத்துளையைச் சுற்றி விரிசல் விடும். துடைப்பது மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாக, மென்மையான துணியால். நிற்கவைத்து, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஒட்டும் காகித லேபிள் வேண்டாம்.

பாட்டுச் சிடியைக் கணினிக்கு மாற்ற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் பாதுகாப்பு முறையை (Secure mode) தேர்ந்தெடுத்து, அக்யுரேட்ரிப் ஒப்பீட்டை இயக்குங்கள். உலகில் மற்றவர்கள் எடுத்த அதே சிடியின் பிரதியோடு உங்களுடையது பொருந்துகிறதா என்று பாட்டுக்குப் பாட்டு அது சொல்லும். பொருந்தாத பாட்டை மட்டும் வட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். ஃபிளாக் ஆகச் சேமித்தால் ஒரு மணி நேர ஆல்பம் ஏறக்குறைய 300 முதல் 400 மெகாபைட் ஆகும். கோப்பைச் சுருக்கும் அளவை எவ்வளவு வைத்தாலும் ஒலி மாறாது, கோப்பின் அளவும் ஆகும் நேரமும்தான் மாறும். சொந்த உபயோகத்துக்கு நகலெடுப்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டன் 2014இல் அனுமதித்தது, 2015இல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்தது. பூட்டை உடைப்பதைப் பல நாடுகள் தனிக் குற்றமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கைமாற்றுவதில் இன்னும் வட்டும் அச்சுப் புத்தகமும்தான் மேலே. வாங்கிய புத்தகத்தை மறுவிற்பனை செய்யும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே உறுதி செய்தது. டிஜிட்டல் பாட்டை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி நிறுவனம் 2018இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது, 2019இல் மின்னூலுக்கு மறுத்தது. ஸ்டீம் போன்ற விளையாட்டுக் கடைக் கணக்குகளை விதிப்படி இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

பூட்டில்லாத கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். இரண்டு கருவிகளைத் தானாக ஒத்திசைக்கும் வசதியைப் பிரதி என்று எண்ணாதீர்கள். ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழியும். வீட்டில் எழுதிய வட்டும் தொழிற்சாலையில் அச்சான வட்டும் ஒன்றல்ல, எழுதியதில் இருக்கும் சாயம் மங்கும். சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தாலும் தகவல் கசியும், நீண்ட நாள் சேமிப்புக்கு சாதாரண ஹார்டு டிஸ்க் ஏற்றது. கோப்புகளைச் சேமிக்கும் நாளில், ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போல ஒரு குறியைத் தரும் எஸ்எச்ஏ-256 கணக்கீட்டுப் பட்டியல் ஒன்றை உருவாக்கிக் கூடவே வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே கணக்கீட்டை ஓட்டினால் எந்தக் கோப்பு கெட்டிருக்கிறது என்று தெரியும், மற்றப் பிரதியிலிருந்து அதை மட்டும் மாற்றிவிடலாம். வாங்கிய ரசீதுகளையும் பிடிஎஃப் ஆக்கி அதே கோப்புறையில் போடுங்கள். கடை மூடி, பணம் திரும்பக் கேட்கும் நாளில் ஆர்டர் எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.