பி.எம்.ஐ.: அளப்பது எப்படி, அந்த எண்ணைப் படிப்பது எப்படி

உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., இரண்டே அளவுகளை நம்பி நிற்கிறது: எடை, உயரம். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதுதான் அது. இந்தக் கணக்கில் யாரும் அதிகம் தவறுவதில்லை. அளக்கும்போதும், வந்த எண்ணுக்குப் பொருள் சொல்லும்போதும்தான் பிசகு நடக்கிறது.

உயரம்தான் முதல் சிக்கல்

தன் உயரம் என்று ஒரு எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அது எப்போதோ அளந்தது, ஒருவேளை செருப்போடு அளந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலுடன், விரிப்பில்லாத தரையில், சுவரை ஒட்டி நில்லுங்கள். குதிகால்கள் சுவரைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாயைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் அளவு மாறும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் ஓரத்தைச் சுவரோடு ஒட்டி, உச்சந்தலையில் படியும்வரை இன்னொருவர் இறக்கட்டும். புத்தகத்தின் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அதுவரை டேப்பால் அளக்க வேண்டும். முதுகெலும்பு வட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால் மாலையில் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும். எனவே எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது.

இரண்டு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். 68 கிலோ எடையும் 164 செ.மீ. உயரமும் உள்ளவருக்கு பி.எம்.ஐ. 25.3. அதே ஆள் 166 என்று எழுதிக்கொண்டால் 24.7. உடல் மாறவில்லை, ‘அதிக எடை’ என்ற வகை மட்டும் ‘இயல்பு’ என்று மாறிவிட்டது. உயரம் இரண்டு முறை வகுக்கப்படுவதால் அதில் வரும் பிழையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

அடி, அங்குலத்தில் உயரம் தெரிந்தவர்கள் விழும் குழி இன்னும் பெரியது. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதி 30.48-ஆல் பெருக்குவார்கள். கால்குலேட்டருக்கு அது 5.1 அடி, அதாவது 155 செ.மீ. உண்மையான உயரம் 178 செ.மீ. 75 கிலோ உள்ள ஒருவர் 24-க்குக் கீழே இருக்க வேண்டியவர், இந்தக் கணக்கில் 31 ஆகிவிடுவார். அடியை 12-ஆல் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டி, மொத்தத்தை 2.54-ஆல் பெருக்குங்கள். சென்டிமீட்டர் சரியாக வரும்.

எடை

காலையில் எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் உண்பதற்கு முன், மெல்லிய உடையில் பாருங்கள். எடை மெஷின் கெட்டியான சமதரையில் இருக்க வேண்டும். மெத்தென்ற விரிப்பின் மேல் வைத்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. உடலில் தேங்கும் நீர், உப்பு, மாதவிடாய்ச் சுழற்சி, மலச்சிக்கல் என்று பல காரணங்களால் எடை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். இது கொழுப்பு அல்ல. வாரத்தில் மூன்று காலைகளில் பார்த்துச் சராசரி எடுப்பது ஒற்றை எண்ணைவிட நம்பகமானது.

இனி கணக்கு. 68-ஐ 1.64-ஆல் வகுங்கள்: 41.46. அதை மறுபடி 1.64-ஆல் வகுங்கள்: 25.28. முதல் வகுத்தலோடு நிறுத்திவிடுவதும், 1.64-க்குப் பதில் 164 என்று போடுவதும் வழக்கமான தவறுகள். விடை 41 என்றோ 0.0025 என்றோ வந்தால் அங்கேயே திரும்பிப் பாருங்கள்.

எந்த அட்டவணை

உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறைப்படி 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30-உம் அதற்கு மேலும் உடல் பருமன். இந்தக் கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து வந்தவை. ஆசிய வம்சாவளியினருக்கு அதே பி.எம்.ஐ.யில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருக்கிறது. நீரிழிவும் இதய நோயும் குறைந்த எடையிலேயே தலைகாட்டுகின்றன. அதனால் அவர்களுக்கு 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளாகக் கொள்ளலாம் என்று அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இணையத்தில் உள்ள பல கால்குலேட்டர்கள் 25 என்ற பொது எல்லையையே வைத்து 24.5-க்குப் பச்சை நிறம் காட்டுகின்றன. தெற்காசிய உடல்வாகு உள்ளவர் அந்தப் பச்சையைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

கோடுகளை மதில்சுவராக நினைக்கவும் வேண்டாம். 22.8-லிருந்து 23.1-க்குப் போன இரவில் உடலுக்குள் எதுவும் உடைவதில்லை. ஆபத்து படிப்படியாக ஏறுகிறது, வகைகள் நம் வசதிக்காகப் போட்டவை.

18 வயதுக்கு உட்பட்டோருக்கு இந்த அட்டவணையே கிடையாது. வளரும் உடலில் கொழுப்பின் அளவு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறும். கணக்கு அதேதான், ஆனால் விடையை அந்தந்த வயதுக்கான வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் கருத்தரிப்பதற்கு முந்தைய எடையைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

எண் சொல்லாதது

இந்தச் சூத்திரத்தின் வேர் மருத்துவத்தில் இல்லை. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே, வானியலும் புள்ளியியலும் பார்த்தவர், 1830-களில் ‘சராசரி மனிதனை’ விவரிக்கும் முயற்சியில் எடையும் உயரத்தின் இருமடியும் பொருந்திவருவதைக் கவனித்தார். 1972-இல் ஆன்செல் கீஸும் அவரது சகாக்களும் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார்கள். பெருங்கூட்டத்தை அளக்கப் பிறந்த கருவி இது. தனி ஒருவரிடம் வரும்போது அடுத்து யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று சலித்துத் தரும். நோய் இருக்கிறதா என்று சொல்லாது.

காரணம் எளிது. எடை மெஷினுக்குத் தசை எது, கொழுப்பு எது, நீர் எது என்று தெரியாது. பளு தூக்கும் பயிற்சி எடுக்கும் 178 செ.மீ. உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 28.4. வயிறு தட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் தசையாக இருக்கும். ஆனால் இந்த விதிவிலக்கைத் தனக்குப் பொருத்திக்கொள்பவர்களில் பலருக்கு அது பொருந்துவதில்லை. நிஜத்தில் அதிகம் தென்படுவது எதிர்த்திசைப் பிழை: பி.எம்.ஐ. 22, மெலிந்த கை கால்கள், முன்தள்ளிய தொப்பை. எண் சரி என்கிறது. உள்ளே கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்ந்திருக்கும். ரத்தச் சர்க்கரையையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் உயர்த்துவதில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட இந்த உள்ளுறுப்புக் கொழுப்புக்கே பங்கு அதிகம்.

முதியோரிடம் வேறு வகைக் குழப்பம். தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு வந்தால் எடை மாறாது, பி.எம்.ஐ.யும் மாறாது. முதுகு கூனினால் உயரம் குறைந்து, எடை ஏறாமலே பி.எம்.ஐ. ஏறும். கை, கால் இழந்தவர்களுக்கு அந்த உறுப்பின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஒரு முழுக்கால் உடல் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம். வயிற்றில் நீர் கோத்தாலோ கால் வீங்கினாலோ அந்த நாட்களில் பி.எம்.ஐ.க்குப் பொருளே இல்லை.

டேப்பை எடுங்கள்

ஆகவே வயிற்றுச் சுற்றளவு இல்லாத பி.எம்.ஐ. அரைத்தகவல். பேன்ட் இடுப்பு அளவை வைத்துச் சொல்லக் கூடாது. தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவார்கள். விலா எலும்பின் கடைசி விளிம்பையும் இடுப்பு எலும்பின் மேல்முனையையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பை வெற்றுடலில், தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை விட்டு, அந்த முடிவில் படியுங்கள். வயிற்றை எக்கினால் யாரை ஏமாற்றுகிறீர்கள்? டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் அளந்து பாருங்கள்.

தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எச்சரிக்கை எல்லை. இதைவிட நினைவில் நிற்கும் விதி ஒன்று உண்டு: வயிறு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 164 செ.மீ. உயரத்துக்கு 82. விகிதம் 0.5 முதல் 0.59 வரை இருந்தால் ஆபத்து கூடியிருக்கிறது. 0.6-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம்.

பி.எம்.ஐ. எல்லைக்குள், வயிறும் பாதிக்குள் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று தாண்டினாலும் ரத்த அழுத்தம், எச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை), கொழுப்பு அளவுகள், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை மருத்துவரிடம் கேளுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் கழுத்தும் வயிறும் பெருத்தவர்களிடம் அதிகம்.

எடை குறைக்க வேண்டும் என்று முடிவானால், இயல்பு எண்ணைத் தொடுவதை முதல் இலக்காக வைக்காதீர்கள். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கீழே வரத் தொடங்கும். 68 கிலோவுக்கு அது 3.4 முதல் 6.8 கிலோ. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதுமான வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் தசை கரைவதும் பித்தப்பைக் கல் வருவதும் கூடும்.

18.5-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் கவனம் தேவை. எலும்பு மெலிவு, மாதவிடாய் நின்றுபோதல், ரத்தசோகை, தொற்றுகளைத் தாங்கும் திறன் குறைதல் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. சிறுவயது முதலே ஒல்லியாக, நன்றாகச் சாப்பிட்டு இயங்குபவரையும் புதிதாக மெலிந்தவரையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

68 கிலோ இருந்தவர் எந்த முயற்சியும் இல்லாமல் ஆறே மாதத்தில் 62 ஆகிறார் என்று வையுங்கள். பி.எம்.ஐ. 25.3-லிருந்து 23-க்கு வந்துவிட்டது, அட்டவணையில் முன்னேற்றம். பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில், முயலாமலே எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு என்று அவர் தேடிப்பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன.