காரைக்குடிக்கு இரட்டைக் கருவோடு வருகிறவர்களுக்கு

எட்டு வருடம் காத்திருந்து, மலேசியாவின் ஈப்போவில் ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் முறை செய்து, ஏழாவது வாரத்தில் கணவரின் ஊரான காரைக்குடிக்கு வந்து சேர்ந்தேன். ஸ்கேனில் இரண்டு துடிப்பு. வந்த நான்காம் நாள் இரவு இரத்தப்போக்கு. "விடியட்டும், பார்க்கலாம்" என்று ஆளுக்கொன்று சொல்ல, பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்தே மூன்று மணி நேரம் போனது. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து இப்படி வருகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: நடுராத்திரி என்றால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி எடுப்பது? மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆம்புலன்ஸுக்கு மலேசியா மாதிரி இங்கே 999 இல்லை, 108, காசு கிடையாது.

ஆரம்ப வாரங்களில் இரத்தம் பட்டாலே கரு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கருப்பைக்குள்ளேயே கருவின் அருகே இரத்தம் கட்டியிருந்து தானாகவே கரைவதும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால், ஒரு பக்கமாக வயிறு கடுமையாக வலித்தால், தோளில் வலி வந்தால், மயக்கம் வந்தால் உடனே கிளம்புங்கள். அரிதாக, ஒரு கரு கருப்பையிலும் மற்றது குழாயிலும் தங்குவதுண்டு. ஐவிஎஃப்பில் அதற்கு வாய்ப்பு சற்று அதிகம். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தாலும் காத்திருக்காதீர்கள், அது ஐவிஎஃப்பில் முட்டை வளரப் போட்ட ஊசி மருந்தின் விளைவாக இருக்கலாம். இரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேளுங்கள்.

ஈப்போ கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கி வந்தது என்னைக் காப்பாற்றியது. கரு வைத்த தேதி, எத்தனை கரு, கருவைத் தாங்கத் தரும் புரோஜெஸ்டிரோன் மருந்தின் அளவு எல்லாம் அதில் இருந்தது. மருந்தின் பிராண்டு இங்கே வேறாக இருக்கும், மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், மலேசியாவில் போல நர்ஸைத் 'தாதி' என்று கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள்; 'சிஸ்டர்' என்றால்தான்!

ஒன்பதாவது வாரத்தில் எனக்கு ஒரு துடிப்பு நின்றுவிட்டது. மற்றது நன்றாக இருந்தது. முதல் மூன்று மாதத்தில் இப்படி ஒன்று நின்று மற்றது வளர்வது நிறைய நடப்பதுதான் என்றார் டாக்டர். பார்க்க வந்த ஆச்சி ஒருவர், "ஒன்னு இருக்குல்ல, அதை நெனைச்சுச் சந்தோசப்படு ஆத்தா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் இரண்டாம் கட்டுக்குப் போய் அழுதேன். இருப்பதற்குச் சந்தோஷப்படுவதும் போனதற்கு அழுவதும் ஒரே நாளில் நடக்கும். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வாரம் வரை சொந்தக்காரர்களிடம் சொல்லாமல் இருப்பது பெரிய வளவு வீட்டில் கஷ்டம்தான். ஆனாலும் இரட்டை என்பதையாவது உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் வளர்ந்தால் 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்டால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். அதற்கு வசதியான ஊரில் இருப்பது நல்லது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். மலேசியாவில் சொல்வார்கள், இங்கே 1994 சட்டப்படி சொல்வது குற்றம். ஸ்கேன் சென்டரில் படிவம் நிரப்பச் சொல்வார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து ஆர்சிஎச் எண் என்ற 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண்ணையும் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.

படுத்தே கிடக்கச் சொல்வார்கள். படுத்துக் கிடப்பதால் கரு நிற்கும் என்று நிரூபணமில்லை. மெதுவாக நடக்கலாம், ஈரமான ஆத்தங்குடி டைல்ஸ் தரையைத் தவிர. நான் குன்றக்குடி முருகன் மலையேறுவதாக என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்த பிறகு ஏறுகிறேன், முருகன் காத்திருப்பார் என்று சொன்னேன். சரி என்றார்.