பேச்சு வராத பிள்ளைக்கு ஆப் வாங்கியாச்சு, அப்புறம்?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் படத்தைத் தொட்டால் அதைக் குரலில் சொல்லும் ஆப்கள் இப்போது நிறைய இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ், மும்பை ஐஐடியின் ஜெல்லோ இரண்டும் நம் வீடுகளை மனதில் வைத்துச் செய்தவை. ஜெல்லோ இலவசம்.

டேப்லெட்டைக் கையில் கொடுத்து "சொல்லு, சொல்லு" என்று கேட்காதீர்கள். முதலில் நீங்கள் அதில் பேசுங்கள். தோசை வைக்கும்போது "இன்னும்", "சட்னி" என்று தொட்டபடியே வாயாலும் சொல்லுங்கள். பிள்ளை பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாலும் சரி. பிள்ளை தானே தொட வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில்கூட ஆகும்.

பெரும்பாலான வீடுகளில் பழம், பிஸ்கட், தண்ணீர் என்று கேட்கும் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். "வேண்டாம்", "போதும்", "வலிக்குது", "சத்தமா இருக்கு" இவை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "வேண்டாம்" என்று தொட்டால் முடிந்தவரை உடனே நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பொத்தானுக்கு மதிப்பு. படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், விரல் இடத்தை வைத்தே பழகும்.

அதே டேப்லெட்டில் யூடியூப் வேண்டாம். ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங் என்ற செட்டிங்கைப் போட்டால் வேறு ஆப்புக்கு எளிதில் தாவ முடியாது. தண்டனையாக டேப்லெட்டைப் பிடுங்கி வைக்கவே கூடாது, அது பிள்ளையின் வாய்.

ஆப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எந்த ஆப், எத்தனை படம் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். முக்கியப் படங்களை அச்சிட்டு லேமினேட் செய்து பையில் ஒன்று வையுங்கள், சார்ஜ் தீரும்போது உதவும்.