டேக்குக்குள் டேக்: ரெஜெக்ஸ் எங்கே கவிழும்?

ரெஜெக்ஸ் (உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் பேட்டர்ன்) எழுதும்போது அடைப்புக்குறியை மூடாமல் விடுவது போன்ற தவறுகள் ரன் பண்ணியதுமே பல்லைக் காட்டிவிடும். அவற்றை விடுவோம். வலைப்பக்கங்களின் எச்.டி.எம்.எல்-லிருந்து தகவலை உருவும் ஸ்கிரேப்பிங் பக்கம் புதிதாக வருபவர்கள் வேறு இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

கேள்விக்குறி போட்டால் சரியாகிவிடும்

டேக்குகளுக்கு நடுவே இருப்பதை எடுக்க முதலில் .* (எந்த எழுத்தானாலும், முடிந்தவரை நீளமாக) எழுதுவார்கள். முதல் <டிவ்> தொடங்கிக் கடைசி </டிவ்> வரை ஒரே மூட்டையாக வந்து விழும். பக்கத்து சீட்டிலிருந்து "ஒரு ? சேர்த்துப் பாரு" என்று யோசனை வரும். அது முடிந்தவரை குறைவாக எடுக்கச் சொல்லும். சேர்த்ததும் சோதனைப் பக்கத்தில் கச்சிதமாக வேலை செய்யும். வினையே அதுதான்.

<டிவ்>பருத்திச் சேலை <டிவ்>நீளம் 5.5 மீட்டர்</டிவ்> முதல் துவைப்பில் சாயம் போகும்</டிவ்>

இங்கே .*? முதலில் கண்ணில் படும் </டிவ்>-இல் நின்றுவிடும். அது உள்ளே இருப்பதன் மூடல். சாயம் பற்றிய வரி போயே போச்சு. எர்ரர் கிடையாது, வார்னிங்கும் கிடையாது.

எங்கள் டீமில் ஒரு தம்பி ஜவுளிக்கடைத் தளம் ஒன்றுக்கு இப்படித்தான் எழுதினார். அவர் சோதித்த சேலைகளில் அளவுப் பெட்டியே (உள்ளே வரும் அந்த நீள டிவ்) இல்லை. டேட்டாபேஸில் எல்லாம் ஏறி, சாயம் போன சேலையோடு ஒரு வாடிக்கையாளர் சண்டைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. குறிப்பே இல்லாத சேலை எது, குறிப்பு அறுந்த சேலை எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மூலப் பக்கங்களையும் சேமிக்கவில்லை, முதலிலிருந்து இறக்கினோம். இன்றும் கோட் ரிவ்யூவில் டேக்குகளுக்கு நடுவே .*? கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மூடல் எந்தத் திறப்புக்கு உரியது என்று அறிய, எத்தனை டேக் திறந்து கிடக்கிறது என்று எண்ண வேண்டும். சாதாரண ரெஜெக்ஸுக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. அதற்கு ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வேண்டும். பி.சி.ஆர்.இ என்ற ரெஜெக்ஸ் லைப்ரரியில் ரிகர்ஷன் (பேட்டர்ன் தன்னையே திரும்ப அழைப்பது) இருக்கிறது, பைத்தானோடு வரும் re மாடியூலில் அதுவும் இல்லை. ரிகர்ஷன் இருந்தாலும், கமென்டுக்குள் ஒரு </டிவ்> கிடந்தால் கணக்குத் தப்பும்.

ஆட்ரிபியூட்டுக்குள் >

ஆல்ட்="5 > 3" என்று டேக்குக்குள் ஓர் ஆட்ரிபியூட் (டேக்கின் கூடுதல் விவரம்) இருந்தால், 'அடுத்த மூடும் குறி வரை' என்று பொருள்படும் <[^>]+> பாதி டேக்கிலேயே முடிந்துவிடும்.

.* மேல் .*

2019 ஜூலை 2 அன்று இணையத்தளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் சுமார் 27 நிமிடம் முடங்கியது இப்படி .* அடுத்தடுத்து வரும் ஒரு பேட்டர்னால்தான். பேக்டிராக்கிங் (பொருந்தாதபோது பின்வாங்கி வேறு வழிகளை முயல்வது) சிபியூவைத் தின்றுவிட்டது.

பார்சரிலும் ஒன்று

பியூட்டிஃபுல் சூப்புக்கு (டேக்குகளை முறையாகப் பிரித்துப் படிக்கும் பைத்தான் லைப்ரரி) மாறியவர்கள், டேக்கை விட்டு உரையை மட்டும் தரும் கெட்_டெக்ஸ்ட்டை வெறுமனே கூப்பிடுவார்கள். அடுத்தடுத்த இரண்டு பத்திகள் "சேலைநீளம்" என்று ஒட்டிக்கொண்டு வரும். இடையில் வைக்க ஒரு செபரேட்டர் (பிரிப்புக் குறி) கொடுங்கள். அப்படிப் பிரித்தெடுத்த உரையில் 5.5 என்ற எண்ணைத் தேட ரெஜெக்ஸ் தாராளமாகப் போதும்.