ஃபயர்வால்ல ரெண்டு கேபிள் சொருகிட்டா ரிடன்டன்சி வந்துடாது

சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால்ல ரிடன்டன்ட் இன்டர்ஃபேஸ் (ரெண்டு போர்ட்ட ஜோடியா சேர்த்து, ஒன்னு போனா இன்னொன்னு எடுத்துக்கற ஏற்பாடு) போடுறது சின்ன வேலைதான், ஆனா அதுல பண்ற தப்பு அன்னைக்கு வெளிய தெரியாது, என்னைக்கோ ஒரு லிங்க் போறப்பதான் தெரியும்.

நான் அதிகமா பார்த்தது ரெண்டு கேபிளையும் ஒரே ஸ்விட்ச்ல சொருகி வச்சிருக்கறது. ஒரு ஆபீஸ்ல அப்படித்தான் இருந்துச்சு, ஸ்விட்ச்சோட பவர் சப்ளை போச்சு, ரெண்டு லிங்க்கும் சேர்ந்தே படுத்துருச்சு. தனித்தனி ஸ்விட்ச்சுக்கு போகணும், ரெண்டு ஸ்விட்ச்சுக்கும் நடுவுல ட்ரங்க் (பல விலான சுமக்கற இணைப்பு) இருக்கணும், ரெண்டு பக்கமும் அதே விலான் (ஸ்விட்ச்சுக்குள்ள தனியா பிரிச்ச நெட்வொர்க்) இருக்கணும்.

பல போர்ட்ட ஒன்னா சேர்த்து எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட்டற ஈதர்சேனலோட (போர்ட் சேனல்) இத குழப்பிக்காதீங்க. இங்க ஒரு நேரத்துல ஒரு போர்ட்தான் வேலை செய்யும், இன்னொன்னு ஸ்டாண்ட்பை, 1 ஜிபி போர்ட் ரெண்டு போட்டா 2 ஜிபி கிடைக்காது. ஸ்விட்ச் பக்கம் போர்ட் சேனல் போடவே கூடாது.

ஏற்கனவே ஓடிட்டு இருக்கற போர்ட்ட ஜோடில ஒரு மெம்பரா சேர்க்கறதுதான் ரொம்ப ஆபத்து. சேர்க்கணும்னா முதல்ல நேம்இஃப்-ஐ (போர்ட்டுக்கு வச்ச பேர) எடுக்கணும், எடுத்த உடனே அந்த பேர வச்சு எழுதின ரூல், ரூட் எல்லாம் கேக்காமலே அழிஞ்சிடும், அதே போர்ட் வழியா எஸ்எஸ்எச்-ல (நெட்வொர்க் வழியா ரிமோட் லாகின்) உள்ள இருந்தீங்கன்னா நீங்களும் வெளிய வந்துடுவீங்க, அதனால கான்ஃபிக்க பேக்கப் எடுத்துட்டு கன்சோல் கேபிள்ல உக்காந்து பண்ணுங்க. முதல்ல சேர்க்கற மெம்பரோட மேக் அட்ரஸ்தான் (போர்ட்டோட ஹார்ட்வேர் அட்ரஸ்) ஜோடி முழுசுக்கும் வரும், பின்னாடி ஆர்டர மாத்தினா அதுவும் மாறிடும், எதிர்ல இருக்கற ரவுட்டர் பழைய ஏஆர்பி-யையே (எந்த ஐபி-க்கு எந்த மேக்னு வச்சிருக்கற குறிப்பு) பிடிச்சிட்டு நிக்கலாம். ரிடன்டன்ட் இன்டர்ஃபேஸ்லயே நாமளா ஒரு மேக் கொடுத்துட்டா இந்த தொல்லை இல்ல.

ரெண்டாவது மெம்பருக்கு நோ ஷட்டவுன் (போர்ட்ட ஆன் பண்ற கமாண்ட்) கொடுக்க மறந்துடறாங்க. ஒன்னு ஓடுற வரைக்கும் எல்லாம் அப்-னுதான் காட்டும். அதே மாதிரி ஒரு லிங்க் செத்தாலும் ரிடன்டன்ட் இன்டர்ஃபேஸ் அப்-லயே இருக்கும், மாசக்கணக்கா ஒத்தக் கால்ல நிக்கறது யாருக்கும் தெரியாது, அதனால ரெண்டு பிசிக்கல் போர்ட்டையும் தனியா மானிட்டர் பண்ணுங்க, எது ஆக்டிவ்னு ஷோ இன்டர்ஃபேஸ் ரிடன்டன்ட் 1 டீட்டெயில்ங்கற கமாண்ட்ல தெரியும்.

இதுக்கெல்லாம் மேல ஒன்னு இருக்கு. ஃபயர்வால் பார்க்கறது தன்னோட போர்ட்ல லிங்க் இருக்கான்னு மட்டும்தான். ஸ்விட்ச்சோட அப்லிங்க் (மத்த நெட்வொர்க்குக்கு போற இணைப்பு) அறுந்து ஃபயர்வாலுக்கு வர்ற போர்ட் மட்டும் பச்சையா எரிஞ்சா மாறவே மாறாது, ட்ராஃபிக் அந்த முட்டுச்சந்துலயே போய் விழும். சிஸ்கோவோட கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்ல லிங்க் ஸ்டேட் ட்ராக்கிங் இருந்தா போடுங்க, அப்லிங்க் போனா ஃபயர்வால் பக்க போர்ட்டையும் அதுவே இறக்கிடும்.

லைவ் போறதுக்கு முன்னாடி தொடர்ந்து பிங் விட்டுட்டு முதல் கேபிள பிடுங்குங்க, திரும்ப சொருகி ரெண்டாவத பிடுங்குங்க, கடைசியா அப்லிங்க்கையும் பிடுங்கி பாருங்க, பெரும்பாலும் அங்கதான் பிங் நிக்கும்.