கிரெடிட் கார்டு பில் கட்ட முடியாத மாதங்களில் வங்கியிடம் பேசும் முறை

வேலை போனாலோ, ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ பலரும் மினிமம் டியூவை (பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை) மட்டும் கட்டி ஓட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1 லட்சம், மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. மினிமம் 5 சதவீதம் என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஒரு மாதம் சமாளிக்க மினிமம் போதும். நாலு மாதம் இழுக்கும் என்று தெரிந்தால் அது பொறி.

முதலில் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள்; அதில் தானாகக் கழியும் சந்தாக்களையும் நிறுத்துங்கள். சம்பளக் கணக்கும் அதே வங்கியில் இருந்தால் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுவது நல்லது. பாக்கிக்காக வங்கி அந்தக் கணக்கில் கைவைக்க கார்டு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இடம் இருக்கும்.

அடுத்து, டியூ தேதிக்கு முன்பே வங்கியைக் கூப்பிட்டு, பாக்கியை இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு இந்த வாய்ப்பு பெரும்பாலும் மூடிவிடும். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவதைத்தான் தவணையாக ஒப்புக்கொள்ள வேண்டும். வீம்புக்குப் பெரிய தொகை சொல்லி இரண்டாம் மாதமே தவறினால் அடுத்த பேச்சில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. வட்டி விகிதம், பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி முடித்தால் அபராதம், சிபிலில் (உங்கள் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் நிறுவனத்தில்) எப்படிப் பதிவாகும் என்ற நான்கையும் கேளுங்கள். பேசி முடித்ததும் மின்னஞ்சல் போடுங்கள்: "மார்ச் மாதம் வேலை இழந்தேன். மாதம் 4,000 ரூபாய் கட்ட முடியும். நிலுவையை 36 மாதத் தவணையாக மாற்றித் தர வேண்டுகிறேன்." வேலைநீக்கக் கடிதத்தையோ மருத்துவமனை பில்லையோ இணையுங்கள். போனில் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

மினிமம்கூடக் கட்டாமல் 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். அதன் பிறகுதான் செட்டில்மென்ட் பேச்சு, அதாவது ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிக்கும் பேச்சு, சூடுபிடிக்கும். தள்ளுபடி கிடைக்கும், ஆனால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது உறுத்தும். வங்கியின் லெட்டர்ஹெட்டில் தொகையும் கடைசித் தேதியும் எழுதி வராமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். வசூல் ஏஜென்டின் ஜிபே எண்ணுக்குப் பணம் போடவே கூடாது. கட்டியதும் பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூஸ் கடிதம் வாங்குங்கள்.

கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் கைது கிடையாது. ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கே வரலாம். ஏஜென்ட் எவ்வளவு கெஞ்சினாலும் இனி வரும் தேதி போட்ட செக் வேண்டாம்.

வசூல் அழைப்புக்கு ரிசர்வ் வங்கி வைத்த நேரம் காலை 8 முதல் மாலை 7 வரை. மிரட்டுவதும், சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவதும் விதிமீறல். தேதி, நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் குறித்து முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகலாம். கட்டணம் இல்லை, உதவி எண் 14448. வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகார் திருப்பி அனுப்பப்படும்.